மூன்று மாத அட்வான்ஸ் என்று சட்டம் சொல்கிறது: வீட்டு வாடகைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வாடகைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பிலும் வீட்டுவசதிப் பொறுப்பிலும் இருக்கும் தமிழ்நாடு அரசு அதிகாரிகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூரில் ஒரு வீடு பார்க்கப் போனேன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறை. மாத வாடகை 8,000. அட்வான்ஸ் 80,000. “சார், சட்டப்படி மூணு மாசம்தானே வாங்கணும்?” என்று கேட்டேன். சண்டை போடக் கேட்கவில்லை. கொஞ்சம் குறைப்பாரோ என்ற நப்பாசைதான். அவர் கோபப்படவும் இல்லை. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “சட்டம் பேசறவங்களுக்கு நாங்க வீடு விடறதில்லைம்மா” என்றார். எனக்குப் பின்னால் வந்திருந்த தம்பதியைக் கூப்பிட்டு, அதே வாசலில் வைத்துப் பேச ஆரம்பித்தார்.

அவர் மேல் புகார் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அவர் அவ்வளவு நிம்மதியாக அப்படிச் சொல்ல முடிகிறதே, அதைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பத்திரம் அடிப்பது எல்லாம் உண்டு. வாடகை ஒப்பந்தம் வாரத்துக்கு ஏழெட்டாவது வரும். மே, ஜூன் மாதங்களில் ஒரே நாளில் அத்தனை வரும். கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிப் பத்திரம் இருக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், வாடகை, முன்பணம், தேதி இவற்றை மட்டும் மாற்றுவேன். “மேற்படி முன்பணத்துக்கு வட்டி ஏதும் கிடையாது” என்ற வரி அப்படியே இருக்கும். “வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ள வேண்டியது” என்ற வரியும் இருக்கும். “இந்த ஒப்பந்தம் பதினோரு மாதங்களுக்கு மட்டும்.” ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும், அதைத் தவிர்க்கப் பதினொன்று. இந்தக் கணக்கு எங்கள் கடை டீ வாங்கி வரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

அவனுக்குத் தெரியாதது, ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு என்றாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது. உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவுக்கு இணையதளம் இருக்கிறது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் வாடகை அதிகாரியாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் இத்தனை வருடத்தில் பதிவு எண் வேண்டும் என்று எங்கள் கடைக்கு வந்தவர்கள் மூன்றே பேர். மூவருமே, ஆபீஸில் கேட்டார்கள் என்று வந்தவர்கள். ஒருமுறை ஒரு பெண்ணிடம் நானே எடுத்துச் சொன்னேன். கூட வந்திருந்த வீட்டுக்காரர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். “வந்த வேலையை அடிச்சுக் குடும்மா, வக்கீல் வேலை நமக்கெதுக்கு” என்று முதலாளி சத்தம் போட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது; போனது அவருடைய வியாபாரம்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. புதிய சட்டம் மூன்று மாதம் என்கிறது. சரி, ஒன்று மூன்றானது, போகட்டும். ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே “மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி” என்று பொருள்படும் ஒரு சொற்றொடர் உட்கார்ந்திருக்கிறது. அதாவது இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எழுதிக்கொண்டால் மூன்று மாத வரம்பு கிடையாது. 2021-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் குடியிருப்புகளுக்கு இரண்டு மாதம்தான் உச்சம். நம்முடையதில் மூன்று என்று எழுதி, பக்கத்திலேயே கதவையும் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

ஒத்துக்கொள்வது என்றால் என்ன என்று அந்தச் சொற்றொடரை எழுதியவர் யோசித்தாரா தெரியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டியவள், பிள்ளைக்குப் பரீட்சை இருப்பவள், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஒருவர் முன்னால் நிற்கும்போது அவளுடைய சம்மதத்துக்கு என்ன அர்த்தம்? அப்படிப்பட்ட சம்மதங்களை நான் நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறேன். “இரு தரப்பினரும் மனப்பூர்வமாகச் சம்மதித்து” என்றுதான் எங்கள் மாதிரியில் இருக்கிறது.

இனி என் வீட்டுக் கணக்கு. என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய லேத் பட்டறையில் இருந்தார். கொரோனாவுக்குப் பிறகு பட்டறை மூடிவிட்டது. இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி, மாதம் 12,000. எனக்கு 11,000. மாமியார், பாலிடெக்னிக் படிக்கும் மகன், பத்தாவது படிக்கும் மகள். ஐந்து பேர், 23,000 ரூபாய். அதில் 8,000 வாடகை என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. இழுத்துப் பிடித்தால் அதைக்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அந்த 80,000.

எங்களைப் போன்றவர்களுக்கு வங்கி கடன் கொடுக்காது. தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு வாங்க வேண்டும், அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 80,000-க்கு மாத வட்டி 2,400. எங்களுக்கு அந்த வீட்டின் வாடகை 8,000 இல்லை, 10,400. அசல் குறையவே குறையாது. இரண்டு வருடம் இருந்தால் வட்டி மட்டும் 57,600. அதே பணம் வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் இருக்கும். அதே வீட்டுக்கு 24,000 அட்வான்ஸ் என்றால், கையில் இருப்பதை வைத்து, மகன் கல்லூரிக் கட்டணத்தை ஒரு மாதம் தள்ளி, யாரிடமும் கை நீட்டாமல் போயிருப்பேன்.

குறைந்த வருமானத்தில் வீடு கிடைப்பதில்லை என்றால் எல்லோரும் வாடகையைப் பற்றியே பேசுகிறார்கள். எங்களை வாசலில் நிறுத்துவது வாடகை அல்ல, அட்வான்ஸ்.

போட்ட அட்வான்ஸ் திரும்பி வருவது இன்னொரு கதை. 2018-இல் அம்பத்தூரில் 6,500 வாடகைக்குப் போனபோது 60,000 கொடுத்தோம். 2022-இல் சொத்துவரி உயர்ந்தது. சென்னை மாநகராட்சியோடு பிற்பாடு சேர்ந்த எங்கள் பகுதியில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதம். அரையாண்டுக்குச் சில நூறு ரூபாய் கூடியிருக்கும். வாடகையில் மாதத்துக்கு ஆயிரம் கூடியது. முடியாது என்று சொல்லிக் காலி செய்தோம். பெயிண்டிங் என்று 12,000, முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஒரு மாத வாடகை 6,500 பிடித்தார்கள். மீதி 41,500-ம் அன்றைக்கே வரவில்லை. அடுத்து வருகிறவர் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன் என்றார் அந்த வீட்டுக்காரர். நான்கு மாதம் கழித்து மூன்று தவணையாகத் தந்தார். வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதே 2017 சட்டத்தில் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லியிருந்தால் அந்த 41,500-ம் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் வாங்கிய பணத்தைச் செலவழித்துவிடுகிறார். எனக்கு வர வேண்டிய பணம் எனக்கு அடுத்து வருகிறவரின் கையில் இருக்கிறது. அவருடையது அவர் விட்டு வந்த வீட்டுக்கு அடுத்து வருகிறவரின் கையில். ஊர் முழுக்க இப்படி ஒரு சங்கிலி ஓடுகிறது. நடுவில் ஒரு வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் போதும், பின்னால் இருக்கும் எல்லோரும் வட்டிக்கு வாங்க ஓட வேண்டியதுதான். பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே புது வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பதால், வீடு மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு அட்வான்ஸ் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. 23,000 சம்பளத்தில்.

இப்போது அண்ணனூரில் இருக்கிறோம். அங்கே 70,000 நிற்கிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். வீடு அவர்களுக்கு வேண்டும். நல்ல மனிதர்தான், இரண்டு மாதம் அவகாசமும் கொடுத்தார். “கல்யாணச் செலவு முடியட்டும்மா, தந்துடறேன்” என்கிறார். என் பணத்தில் அவர் மகன் கல்யாணச் சாப்பாடு நடக்கிறது என்று எழுதினால் கசப்பாகத் தெரியும். ஆனால் நடப்பது அதுதான்.

அண்ணனூருக்கு எப்படி வந்தோம் என்பதைப் புறநகர் ரயிலில் ஏறினால் தெரிந்துகொள்ளலாம். 2006-இல் கல்யாணம் ஆனபோது பெரம்பூர். 2010-இல் வில்லிவாக்கம். 2014-இல் கொரட்டூர். 2018-இல் அம்பத்தூர். 2022-இல் அண்ணனூர். இப்போது ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி எல்லாவற்றையும் தாண்டித் திருநின்றவூரில் வீடு தேடுகிறேன். ஒவ்வொரு முறையும் மேற்கே சில ஸ்டேஷன் தள்ளிப் போகிறோம்; என் வேலை மட்டும் பெரம்பூர்ப் பக்கமே நிற்கிறது. இன்னும் இரண்டு முறை மாறினால் அரக்கோணம் வந்துவிடும் என்று மகன் கிண்டல் செய்கிறான். ரயில் சீசன் டிக்கெட் மட்டும் மலிவாக இல்லையென்றால் எப்போதோ வேலையை விட்டிருப்பேன்.

வீடு தேடும்போது கேட்கும் மற்ற கேள்விகளைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. “எந்த ஊரு?” என்று ஆரம்பிப்பார்கள். ஊரைச் சொன்னால், “அங்கே எந்தத் தெரு?” என்பார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வயதானவர் இருக்கிறாரா என்று கேட்டு, மாமியாருக்கு 74 என்றதும் கதவைச் சாத்திய இடமும் உண்டு. வீட்டில் சாவு விழுந்துவிடக் கூடாதாம்.

மின்சாரக் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன், அது உங்களால் சரிசெய்ய முடிந்தது என்பதால். இருமாதக் கணக்கில் வீட்டு இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு. உள்ளே சப்-மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடினால் 1,620 ரூபாய் கொடுக்கிறேன். எனக்கென்று தனி இணைப்பு இருந்தால் முந்நூறு ரூபாயைத் தாண்டாது. அரசு ஏழைக்குக் கொடுத்த அந்த 100 யூனிட் எங்கள் வீட்டுப் படியேறி வந்ததே இல்லை.

வீட்டுக்காரர்களை வில்லன்களாகக் காட்டுவது என் நோக்கம் அல்ல. கொரட்டூரில் எங்களுக்கு வீடு விட்ட அம்மாவுக்குக் கணவர் இல்லை, பென்ஷன் இல்லை. இரண்டு போர்ஷன் வாடகையில்தான் மருந்து வாங்கினார். எங்களுக்கு முன்னால் அங்கே இருந்த வாடகைக்காரர் எட்டு மாத வாடகையும் கரண்ட் பில்லும் கட்டாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். அதனால் அட்வான்ஸ் கூடுதலாகக் கேட்டார். கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருடம் ஆகும் என்ற பயம்தான் பத்து மாத அட்வான்ஸாக எங்கள் தலையில் வந்து விழுகிறது. வாடகை தராதவரை வாடகை அதிகாரி அமைப்பு சீக்கிரம் வெளியேற்றிக் கொடுக்கும் என்ற நம்பிக்கை அந்த அம்மாவுக்கு வந்திருந்தால் மூன்று மாதமே போதும் என்றிருப்பார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன. வாடகைக்கு விட்டால் வம்பு என்று பூட்டி வைத்தவையும் அதில் இருக்கத்தான் செய்யும்.

அரசே வீடு கட்டி வாடகைக்கு விடுவது இந்த ஊருக்குப் புதிதா என்ன? வீட்டுவசதி வாரியம் 1961-இல் வந்தது. அரசு ஊழியர்களுக்கான வாடகைக் குடியிருப்புகள் சென்னையில் பல தலைமுறைகளாக இருக்கின்றன. வேலைக்கு வரும் பெண்களுக்குத் “தோழி” விடுதிகள் திறந்தீர்கள், நல்ல காரியம். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024-இல் திறக்கப்பட்டது. பெரிய தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும் என்றதும் 706 கோடி ரூபாயில் அவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்ப முடிந்திருக்கிறது. ஆனால் தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறையில் வேலை செய்கிறவர், செக்யூரிட்டி, தையல் கம்பெனிப் பெண், டைப்பிங் கடைக்காரி, இவர்கள் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்க நீங்கள் கட்டியது எங்கே? கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் காட்டாதீர்கள். அவை ஆற்றோரத்திலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை, வேலையிலிருந்து எத்தனையோ மைல் தள்ளி. ஒன்றிய அரசு 2020 ஜூலையில் குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2024-இல் வந்த நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீடு ஒரு தனிப் பிரிவாக இருக்கிறது. வழி இருக்கிறது. எங்கள் ரயில் பாதையில்தான் எதுவும் கண்ணில் படவில்லை.

எனவே கேட்கிறேன். முன்பணப் பிரிவிலிருந்து “மாறான ஒப்பந்தம் இருந்தாலன்றி” என்பதை எடுத்துவிடுங்கள். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்தான் என்று ஆக்குங்கள். அதற்கு மேல் வாங்கியதைப் பின்வரும் வாடகையில் கழித்துக்கொள்ளும் உரிமையை வாடகைதாரருக்குச் சட்டத்திலேயே கொடுங்கள். சாவியைக் கொடுக்கும் அன்றைக்கே முன்பணம் கைக்கு வர வேண்டும். வெள்ளையடிக்கும் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். முன்பணத்தை வீட்டுக்காரர் செலவழித்துவிடாமல் இருக்க, அதை வாடகை அதிகாரியின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கில் வைக்கும் ஏற்பாட்டையாவது யோசியுங்கள். வாடகை கட்டாதவர் விஷயத்தில் வீட்டுக்காரர் தரும் மனுவுக்கும், முன்பணம் வராத விஷயத்தில் நாங்கள் தரும் மனுவுக்கும் ஒரே மாதிரிக் கெடு வையுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

பதிவை எங்களைப் போன்ற டைப்பிங் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் தமிழிலேயே செய்ய வழி செய்யுங்கள். எங்கள் மாதிரிப் பத்திரத்துக்குப் பதிலாக நீங்களே ஒரு பக்கத்தில் ஒரு மாதிரி கொடுங்கள். நாளைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன். பதிவு செய்யச் சொன்னதற்காகவோ சட்டத்தைக் கேட்டதற்காகவோ ஒருவரைக் காலி செய்யச் சொல்ல முடியாதபடி ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் வாடகைதாரர் விண்ணப்பித்தாலே தனி மின் இணைப்பு கிடைக்கட்டும். மின்வாரியத்திடம் பேச வேண்டியது நீங்கள், நாங்கள் அல்ல.

அட்வான்ஸ் வரம்பு நடைமுறைக்கு வரும்வரை கூட்டுறவு வங்கிகளில் முன்பணத்துக்கென்று குறைந்த வட்டியில் ஒரு சிறு கடன் கொடுங்கள். மூன்று வட்டிக்காரரிடமிருந்து எங்களை மீட்க அது ஒன்றே போதும். பெரம்பூரிலிருந்து திருநின்றவூர் வரை இந்த ரயில் பாதையை ஒட்டி அரசு நிலம் எங்கெங்கே இருக்கிறது என்று பட்டியலிட்டு, அதில் குடும்பங்களுக்கு, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாத வாடகையில், வீடு கட்டி விடுங்கள். விற்க வேண்டாம். சொந்த வீடு நாங்கள் கேட்கவில்லை.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் தாருங்கள். அடுத்த மாதம் 5-ஆம் தேதி அண்ணனூர் வீட்டைக் காலி செய்கிறேன். அதற்குப் பிறகு பதிலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதை எனக்கு வீடு கிடைத்ததும் தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
வாடகை ஒப்பந்தம் தட்டச்சு செய்யும் ஒருத்தி,
அண்ணனூர் (தற்போதைக்கு)